நேற்று போலவே

மார்ச் 3, செவ்வாய்

பேக்கரிக்காரர் மறுபடி போன். கேக் விலையை ஏற்ற வேண்டுமாம். "நீங்களே மாத்திக்கலாம் சார், அதுக்குத்தானே பேனல் போட்டுக் கொடுத்தது" என்றேன். "மாத்தினேன் தம்பி. இப்ப கடையவே காணோம்." தளத்தைத் திறந்து பார்த்தால் முகப்புப் பக்கத்தை அப்படியே அழித்திருக்கிறார். பழைய பிரதியிலிருந்து எடுத்து வைத்தேன். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று அங்கே யாரிடமோ கத்தினார், பஸ் வந்த மாதிரி.

இன்றிலிருந்து அழிக்கும் பட்டன் எந்த வாடிக்கையாளருக்கும் கிடையாது. எழுதலாம், வெளியிடலாம், அவ்வளவுதான். முதல் நாளே இப்படிச் செய்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் நம்மைக் கூப்பிடாத நாள்தான் நமக்கு நல்ல நாள் என்பார் பாஸ். அதனால்தான் எல்லோருக்கும் இந்தப் பேனல்: அவரவர் தளத்தில் உள்ளதை அவரவரே மாற்றிக்கொள்ள. கட்டுவது நான். போய்ச் சொல்லிக்கொடுப்பதும் நான். ஒன்றையே நாலு தரம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் என் பேனலில் பட்டன்கள் குறைவு. பாஸ் வெளியே இதை 'எளிமை' என்று சொல்லி விற்கிறார்.

மார்ச் 5, வியாழன்

பஸ்ஸில் இல்லத்தின் பக்கத்தைத் திறந்தேன். 'பாதி தான் சாப்டார். சேவிங் பன்ன விடல. வராந்தால கொஞ்சம் நடந்தார் புடிச்சிகிட்டு.'

மூடினேன்.

அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தின் தளமும் நான் செய்ததுதான். அவரைச் சேர்க்கப் போனபோதே மேலாளர் அம்மா கேட்டார், செய்து கொடுத்தேன். அங்கிருக்கும் ஒவ்வொருவருக்கும் தினம் ஒரு வரி. அந்தந்தக் குடும்பம் மட்டும் கடவுச்சொல் போட்டுப் படிக்கலாம். எழுதுவது தலைமை நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர், எனக்கும்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். இல்லை, அதற்கு முந்தின மாதம்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். அவள் இருக்கும் நாட்டில் விடிந்துகொண்டிருந்தது. பின்னால் குக்கர் சத்தம்.

"டேய், உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்பாவப் போய்ப் பாத்தியா?"

"பேஜ்ல போட்டிருக்காங்களே."

"அது நானும்தான் பாக்கறேன். பத்து மணி நேரம் பறந்து வரணும் நான். நீ ரெண்டு பஸ் மாறணும். ரெண்டு பேரும் ஒரே பேஜைப் பாத்துட்டு உக்காந்திருக்கோம்."

வேலை இருக்கிறது என்றேன். "உனக்கென்னடா, கலெக்டர் வேலை" என்றாள்.

வீடியோவில் அப்பாவோடு பேசுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். மூளையில் ரத்தம் கட்டி வலது கை போனபோதே பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை தங்கியிருக்கிறது: 'இருக்கட்டும்.' சாப்பாடு வந்தால் இருக்கட்டும், மாத்திரை கொடுத்தால் இருக்கட்டும். அக்காவின் குழந்தை திரையில் கை ஆட்டினால் அதற்கும் இருக்கட்டும், சொல்லிவிட்டு அழுவார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஏழாவது மாடியிலிருந்து அவர் போடும் சத்தம் கீழே குழிக்குள் நிற்பவனுக்குக் கேட்கும்.

நான் போனால் என்னையும் பார்த்து அதையே சொல்கிறார். நான் என்ன செய்ய? நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துவிட்டு வருவேன். அதை வீட்டிலிருந்தே செய்யலாம்.

மார்ச் 9, திங்கள்

இல்லத்தில் பேனலில் குறை என்று பாஸ் அனுப்பினார். போனேன்.

"வாங்க கம்ப்யூட்டர் தம்பி" என்றார் சிஸ்டர். "உங்க பேனல் என் உயிர வாங்குது."

"என்ன வேலை செய்யல?"

"எல்லாம் செய்யுது. நான்தான் செய்ய முடியல. பதினாலு பேர், பதினாலு வரி. எனக்கு இருக்கிறது இந்த ஒரு விரல்." காட்டினார். "மத்ததெல்லாம் ஊசி போட மட்டும்தான் பழகியிருக்கு."

"மாறினத மட்டும் எழுதுங்க சிஸ்டர்."

"என்ன மாறுது இங்க? நேத்து சாப்பிட்டவங்க இன்னைக்கும் சாப்பிடறாங்க. நேத்து மாதிரியேன்னு ஒரே தட்டுல விழற மாதிரி ஏதாவது பண்ணுங்களேன்."

கேட்டது நியாயம். அங்கேயே உட்கார்ந்து ஒரு பட்டன் போட்டேன். 'நேற்று போலவே.' அமுக்கினால் பதினாலு வரியும் அப்படியே இன்றைய தேதிக்கு வந்து, வெளியாகியும் விடும். யாருக்காவது மாறியிருந்தால் அவருடையதை மட்டும் திருத்தினால் போதும். பழைய வரிகளைப் பார்த்தேன், எழுத்துப்பிழை கண்ணைக் குத்தியது. எல்லாவற்றையும் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அப்பாவுடையதையும். 'காலை உணவு சாப்பிட்டார். வராந்தாவில் நடந்தார். நன்றாக இருக்கிறார்.'

சிஸ்டர் அமுக்கிப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி. நான் லீவுன்னா முன்னறைல போன் எடுக்கற அந்தப் பொண்ணுகூட அமுக்கிடுமே." பிறகு, "அப்பாவப் பாத்துட்டுப் போங்க. முழிச்சிட்டுத்தான் இருக்காரு."

அடுத்த வாரம் வருகிறேன், இன்று அவசர வேலை என்றேன். அவசர வேலை ஒன்றும் இல்லை. வாசலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அவருடைய ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

பாஸ் புதிய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இல்லத்தின் தளத்தைத் திறந்து காட்டுகிறார். "நர்ஸம்மா ஒருத்தங்க, கம்ப்யூட்டர தொட்டதே இல்ல. இப்ப காபி ஆறறதுக்குள்ள முழு தளமும் புதுசு." இன்று வந்த பல் டாக்டர் தலையை ஆட்டினார்.

இல்லத்திலிருந்து ஒரு போன்கூட இல்லை. நல்ல நாள்.

மார்ச் 28, சனி

ஒன்றும் இல்லை. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

டிரைவிங் ஸ்கூல்காரர் தன் படத்தை முகப்பில் போட்டிருக்கிறார். எவ்வளவு பெரிய படம் என்றால், திறந்தால் மூக்கு மட்டும் தெரிகிறது. இவர்களோடு மண்டை காய்ந்தது.

இடையில் இல்லத்து நம்பரிலிருந்து இரண்டு அழைப்பு. பேனலும் கொடுத்து பட்டனும் கொடுத்த பிறகு எதற்குக் கூப்பிடுகிறார்கள்? எடுக்கவில்லை. அவசரம் என்றால் பாஸுக்குப் போன் அடிப்பார்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

'காலை உணவு சாப்பிட்டார். வராந்தாவில் நடந்தார். நன்றாக இருக்கிறார்.'

இது நான் எழுதிய வாக்கியம். தெரியும். முற்றுப்புள்ளி உள்பட நான் வைத்தது. தினமும் பஸ்ஸில் அதைச் செய்தி மாதிரி படிக்கிறேன். படித்ததும் ஒரு வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. அதற்கு மேல் எதுவும் இல்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

அக்கா மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்: 'அப்பா தினமும் நடக்கறார் பாத்தியா! இத படிச்சாதான் எனக்கு வேலையே ஓடுது.' ஒரு கட்டைவிரல் போட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

அப்பாவின் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார். தனக்குத் தானே செஸ் ஆடுவார், வெள்ளையும் அவரே, கறுப்பும் அவரே. செஸ் சார் என்பார்கள். இன்று விடிவதற்கு முன் இறந்துவிட்டார். மகளுக்குப் போனில் சொல்லியிருக்கிறார்கள். சிஸ்டர் அவர் கூடவே இருந்ததால் முன்னறைப் பெண் வழக்கம் போலப் பட்டனை அமுக்கியிருக்கிறாள். 'காலை உணவு சாப்பிட்டார். செஸ் ஆடினார். நன்றாக இருக்கிறார்.'

என்னை உடனே போகச் சொன்னார் பாஸ். மேலாளர் அறையில் அந்த மகள் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. அழவில்லை.

"கார்ல வந்துட்டிருந்தோம். சிக்னல்ல நிக்கும்போது பேஜைத் திறந்தேன். ஏன் திறந்தேன்னு தெரியல, பழக்கம். சாப்பிட்டாருன்னு இருந்துது. நான் சிரிச்சிட்டேன் தம்பி. பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன், செத்தது தாத்தா இல்லடா, ஆள் மாத்திச் சொல்லிட்டாங்கன்னு. இங்க வந்து இறங்கற வரைக்கும் அவரு உயிரோட இருந்தாரு."

கைப்பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"யாரு எழுதினது இத?"

நான்தான் பதில் சொன்னேன். "யாரும் எழுதல மேடம். அது நேத்து எழுதினது."

"நேத்து யாரு எழுதினா?"

"அதுவும் அதுக்கு முந்தின நாள்—"

"போதும்" என்றார் மேலாளர் அம்மா.

வெளியே வந்ததும் பாஸ் போனில்: "நம்ம மேல தப்பு இல்லன்னு மேலாளர் அம்மாவுக்கு ஒரு மெயில் போடு, இப்பவே." படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினேன். 'பட்டன் வடிவமைத்தபடியே இயங்கியது.' ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மீதியை நாளை எழுதுகிறேன்.

ஏப்ரல் 22, புதன்

மீதி.

மெயில் அனுப்பிவிட்டு எழுந்தபோது சிஸ்டர் வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை சோப்பு.

"உங்கள ஏதாவது பண்ணிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"என்ன பண்ணுவாங்க? என்னைய அனுப்பிட்டா நைட் டியூட்டிக்கு யாரு வருவா, மேலாளர் அம்மாவா? கொட்டாவிலயே செத்துடுவாங்க." குழாயை மூடினார். "தம்பி, அந்தப் பட்டன்ல உங்க அப்பாவும்தான் இருக்காரு."

"தெரியும்."

"தெரியுமா? அவரு வராந்தாப் பக்கம் வந்தே எவ்வளவோ நாளாச்சு. பாத்ரூம்ல வழுக்கிட்டாரு. அடி ஒண்ணும் இல்ல, பயம். அன்னையிலிருந்து கால ஊன மாட்டேங்கறாரு. படுத்தே கிடந்து குதிகால்ல புண்ணு வந்துடுச்சு. அன்னைக்கே உங்களுக்குப் போன் பண்ணச் சொன்னேனே, பண்ணலையா?"

பண்ணினார்கள். இரண்டு தரம். தளத்தில் எதையோ மாற்றச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"தனியா அவருக்கு மட்டும் மாத்தி எழுதணும்னுதான் இருந்தேன்" என்றார் சிஸ்டர். "கை ஓயல. அப்புறம் பாத்தா அந்தப் பொண்ணு அமுக்கியிருக்கா. சரி, மகன் வந்தா நேர்ல சொல்லிக்கலாம்னு விட்டேன். நீங்க வரவே இல்ல."

திட்டுகிற குரல் இல்லை. ஈரக் கையை உதறிக்கொண்டே சொன்னார்.

உள்ளே போனேன். பக்கத்துக் கட்டிலில் விரிப்பு இல்லை, வெறும் மெத்தை. அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கழுத்து சின்னதாகிவிட்டது. சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்துக்கு இடம் இருக்கிறது.

"ஏன் நடக்க மாட்டேங்கறீங்க?" என்று கேட்டேன். பேக்கரிக்காரரிடம் கேட்கிற மாதிரியே வந்தது.

"இருக்கட்டும்" என்றார்.

அழுதார். முகத்தில் ஒரு பாதி மட்டும்தான் அழுகிறது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கீழே பார்த்தேன். கட்டில் சக்கரத்துக்குப் பிரேக் போடவில்லை. காலால் மிதித்துப் போட்டேன். ஆட்டிப் பார்த்தேன். அப்பா தலையைத் தூக்கிச் சக்கரத்தைப் பார்த்தார், அப்புறம் என்னை. அடுத்த சக்கரத்தைக் கண்ணால் காட்டினார். அதற்கும் போட்டேன்.

வேறு எதுவும் நடக்கவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. வந்திருக்க வேண்டும் இல்லையா? எனக்கு என்ன ஆச்சு?

ஏப்ரல் 24, வெள்ளி

பட்டனை எடுத்துவிட்டேன். எழுதும் பெட்டிகள் இனி காலியாகத்தான் திறக்கும்.

பாஸ் அதற்குள் அதே பட்டனைக் குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்கு விற்றிருக்கிறார்.

"அங்க போட மாட்டேன்" என்றேன்.

"ஏன்ப்பா? ஒரு இடத்துல தப்பாப் போச்சுன்னா எல்லா இடத்துலயுமா?"

"பேக்கரிக்கு வேணா போடறேன். கேக் நேத்து மாதிரிதான் இருக்கும். குழந்தை இருக்காது."

"ரொம்பப் பேசற நீ."

"மெயில்ல தப்பா எழுதிட்டேன் சார். பட்டன் சரியா ஓடுச்சு, உண்மை. போட்டது தப்பு. அதையும் அவங்களுக்கு எழுதி அனுப்பிட்டேன்."

நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "சரி, போ. கண்ணு முன்னால நிக்காத."

வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று புரியவில்லை. மாலை வரை யாரும் ஒன்றும் சொல்லாததால் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 27, திங்கள்

சிஸ்டரால் ஒரு நாளைக்கு நாலைந்து பேருக்குத்தான் எழுத முடிகிறது. மற்றவர்களின் இடத்தில் 'இன்று எழுதப்படவில்லை' என்று வருகிறது. குடும்பங்கள் போன் மேல் போன். மேலாளர் அம்மா என்னிடம் பாய்ந்தார்: "பட்டன் இருந்தப்ப ஒரு சத்தம் இல்ல, இப்பப் பாருங்க!" ஆமாம் என்றேன். சத்தம் இல்லைதான்.

சிஸ்டர் போன் செய்தவர்களிடமெல்லாம் "பேஜ் காலியா இருந்தா வந்து பாருங்க, பாத்துட்டு நீங்களே எழுதிட்டுப் போங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார். பேனலில் அப்படி ஒரு வழியே கிடையாது. இன்று போட்டேன். நேரில் வருகிற குடும்பத்தினருக்கு முன்னறையில் ஒரு கணினி, அவரவர் ஆளுக்கு மட்டும் ஒரு பெட்டி.

இரண்டு பேர் வந்தார்களாம். ஒருவர் 'வெயில் அதிகம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அப்பாவுக்கு: இன்று எழுதப்படவில்லை. அக்காவிடமிருந்து மூன்று கேள்விக்குறி. பதில் போடவில்லை.

மே 2, சனி

போனேன். அப்பாவுக்கு மதியச் சாப்பாட்டை நான் ஊட்டினேன். பாதி சட்டையில்.

பிறகு முன்னறைக்கு வந்து, நான் கட்டிய பேனலில், முதல் முறையாக எழுத உட்கார்ந்தேன். காலிப் பெட்டி. இதில் என்ன கஷ்டம் என்று எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். 'நன்றாக' என்று அடித்தேன். எடுத்தேன். 'சுமாராக.' அதையும் எடுத்தேன். முன்னறைப் பெண் எட்டிப் பார்த்து, "பச்சைப் பட்டன அமுக்கணும் சார்" என்று சொல்லிக்கொடுத்தாள்.

கடைசியில்: 'நடப்பதில்லை. குளியலறையில் வழுக்கியதிலிருந்து பயம். குதிகாலில் புண், மருந்து வைக்கிறார்கள். பாதி சாப்பிட்டார். ஏப்ரல் முழுக்க இங்கே இருந்த வரி உண்மை இல்லை. — மகன்.'

வெளியிட்டதும் அக்கா நினைவு வந்தது. எடுத்துவிடலாம் என்று தேடினால் அழிக்கும் பட்டன் இல்லை. மார்ச்சில் நான்தான் அதை எடுத்தேன். அலுவலகம் போய் உள்ளே புகுந்து அழிக்கலாம், ஒரு நிமிட வேலை. பஸ் அலுவலகத்தைத் தாண்டியபோது இறங்கவில்லை.

மே 3, ஞாயிறு

அக்கா.

"என்னடா எழுதியிருக்க?"

சொன்னேன். பட்டன், போன் எடுக்காதது, எல்லாம். வரிசையாக. பிழை அறிக்கை எழுதுவது போலச் சொன்னேன் போலிருக்கிறது. நடுவில் அவள், "நிறுத்து" என்றாள்.

"அது பழைய வரின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே தினமும் படிச்சியா?"

"ஆமா."

"நான் தெரியாமப் படிச்சேன்டா. நடக்கறாருன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் அனுப்பினதுக்குக் கட்டைவிரல் போட்டிருக்க."

ஏன் படிச்சேன்னு எனக்கே தெரியல. போகாம இருக்கறதுக்கு அது போதுமா இருந்துது, அவ்வளவுதான். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

மே 5, செவ்வாய்

வேலை முடிந்து போனேன். எழுதினேன். 'பால் குடித்தார். தாடி எடுக்க விட்டார்.' எடுத்தது நான், இடது தாடையில் கொஞ்சம் வெட்டிவிட்டது. அதையும் எழுதினேன்.

மே 7, வியாழன்

போனேன். 'உட்கார வைத்தோம், நானும் சிஸ்டரும். கால் தரையில் பட்டதும் கத்தினார். மறுபடி படுக்க வைத்தோம்.'

அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தைத் திறந்து படிக்கிறாள். பேனலில் தெரிகிறது.

மே 9, சனி

அப்பா அருகில் உட்கார்ந்திருந்தேன். அன்றைய வரியைப் போட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன். அக்கா போன்.

"புண்ணு ஆறுதுன்னு போட்டிருக்கே. யாரு பாத்தது?"

"நான் பாத்தேன். கட்டு மாத்தும்போது."

"இப்ப எங்க இருக்க?"

"இங்கதான்."

"பக்கத்துலயா?"

"பக்கத்துலதான்."

தொடர்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"போனை அவர் காதுல வை" என்றாள். "வீடியோ வேணாம். அவரு பேசவும் வேணாம். காதுல மட்டும் வை. நீ கேக்காத."

வைத்தேன். அவள் ஏதேதோ பேசினாள். எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு இடத்தில் அவருக்கு மூச்சு குலுங்கியது, சிரிப்பா வேறு எதுவுமா தெரியவில்லை. அவள் நிறுத்துவதாக இல்லை. எனக்குக் கை கடுக்க ஆரம்பித்தது, தோள்பட்டை வரை. நன்றாகவே வலித்தது.

நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, போனை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தேன்.